தீப்பெட்டிக்குள் ஓர் அந்துப்பூச்சி

மருந்துக்காரர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுப்பார். உடனே திறக்க மாட்டார். இடது காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார், பழைய கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்பவரைப் போல. பிறகு கட்டைவிரல் நகத்தால் பெட்டியின் அடிப்பக்கத்தைச் சுண்டுவார். உள்ளே யாரோ காகிதத்தைக் கிள்ளுவது போல ஒரு சத்தம் வந்தால் முகம் தெளியும். வராவிட்டால் மறுபடி சுண்டுவார். அப்போதும் வராவிட்டால், கிடங்கின் மூலையில் கூட்டித் தள்ளிய தானியம் குவிந்திருக்குமே, அங்கே போய்க் குனிந்து, இரண்டு விரலால் எதையோ பொறுக்கி உள்ளே போட்டு மூடிக்கொண்டு வருவார்.

அவருக்குப் புகைபிடிக்கும் பழக்கம் கிடையாது. புதிதாக வந்த சுமைக்காரர் யாராவது, "அண்ணே, ஒரு குச்சி குடுங்க" என்று கை நீட்டினால், "இதுல குச்சி இல்லப்பா, உசுரு இருக்கு" என்பார். கேட்டவன் மற்றவர்களைப் பார்ப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

உள்ளே இருந்தது அந்துப்பூச்சி. உமி நிறம். உட்கார்ந்திருந்தால் உமிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. தொட்டால் விரலில் சாம்பல் ஒட்டும். பறக்கிற பூச்சி தானியத்தைத் தின்பதில்லை; அதற்குத் தின்ன வாயே கிடையாது என்பார் மருந்துக்காரர். தின்பதெல்லாம் அதன் புழு. வெளுத்த, குண்டூசிக் கனமுள்ள புழு. தின்றுகொண்டே நூல் விட்டுக்கொண்டு போகும். அந்த நூலில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் தொங்கும். அப்படிப்பட்ட ஒரு சாக்கைத் தூக்கி உதறினால் தானியம் கொட்டாது. ஒரு போர்வை இறங்குவது போல மொத்தமாகச் சரியும்.

அந்தப் புழுவைக் கொல்வதுதான் அவர் வேலை. அவரை எல்லோரும் மருந்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் போடுகிற குமாஸ்தா ஒருவருக்குத்தான் அவருடைய பெயர் நினைவிருந்திருக்கும்.

நான் அங்கே எடைமேடையில் இருந்தேன். லாரி ஏறும், முள் நிற்கும், எழுதிக் கொடுப்பேன், லாரி இறங்கும். நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் ஜன்னலில் மூன்று கிடங்குகளின் இரும்பு ஷட்டர்களும், சுற்றுச்சுவரை ஒட்டி மருந்துக்காரருக்குக் கொடுத்திருந்த ஓட்டு வீடும், வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையும் தெரியும். லாரி இல்லாத நேரமெல்லாம் இந்த ஜன்னலைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

அவர் வேலை இப்படி நடக்கும். சாக்குகளை ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கிய அடுக்குக்கு அட்டி என்று பெயர். புழு விழுந்த அட்டியின் மேல் கனமான பிளாஸ்டிக் போர்வையை இழுத்து மூடுவார்கள். தரையைத் தொடும் ஓரங்களின் மேல், மணல் அடைத்த நீளமான துணிக்குழாய்களைச் சுற்றிலும் படுக்க வைப்பார்கள். மணல் பாம்பு என்பார்கள் அதை. ஒரு இடுக்கு விடாமல் பாம்பு படுத்த பிறகு, மருந்துக்காரர் ஒரு மூலையைத் தூக்கி மாத்திரைகளை உள்ளே தள்ளுவார். பார்க்கத் தலைவலி மாத்திரை மாதிரிதான் இருக்கும். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து அது புகையாகும். கண்ணுக்குத் தெரியாத புகை. பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டுவார்கள். வாசலில் மண்டை ஓடு வரைந்த பலகை தொங்கும். நாள் கணக்கில் யாரும் உள்ளே போகக் கூடாது.

திறக்கிற நாள்தான் முக்கியமான நாள். ஷட்டரைத் தூக்கி, போர்வையை விலக்கி, காற்றாட விட்டு, உள்ளே இருப்பது போய்விட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதைக் காட்டும் கருவி ஒன்று மேலாளர் அறையில் இருந்ததாம். பழுது பார்க்கப் போனது, வரவில்லை. அது இருந்த பெட்டியில் மேலாளர் தன் குடையையும் மழைச் செருப்பையும் வைத்திருந்தார். கருவி இல்லாததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, ஏனென்றால் மருந்துக்காரரின் மூக்கு இருந்தது. அந்தப் புகைக்கு அழுகின பூண்டு வாடை. அவர் பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டி, நாய் மோப்பம் பிடிப்பதைப் போல இரண்டு மூச்சு இழுப்பார். "இருக்கு" என்றால் எல்லோரும் விலகி உட்காருவார்கள். "போகலாம்" என்றால் சுமைக்காரர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். இத்தனை பேர் உயிர் அந்த ஒரு வார்த்தையில் நின்றது; அதற்கு மேல் யாரும் தன் மூக்கை நம்பவில்லை.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலில் போய்விட்டது.

அதை அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். அவரும் கிடங்கில்தான் வேலை செய்தார். அலுவலகத்தை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து, கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைப்பார். காய்ச்சல் விட்டு மருந்துக்காரர் எழுந்து உட்கார்ந்த நாளில், மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால், வாசலுக்கு வரும்போதே தீய்ந்த வாடை. வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, பால் தீஞ்சு வீடே நாறுது. பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

"பாலா?" என்றாராம் அவர்.

மனைவி முதலில் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இறக்கினார். விளக்கு துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து வந்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகில் பிடித்தார்.

"இது என்ன?"

"துணி."

"என்ன துணி?"

"சமையல் துணிதான், வேறென்ன? விளையாடாத."

பிற்பாடு இதையெல்லாம் அந்த அம்மாளே விசாரணையில் சொன்னார். அன்றிரவு அவர்கள் பேசிக்கொண்டதையும் சொன்னார்.

"டாக்டர்கிட்டப் போலாம்" என்றிருக்கிறார் மனைவி.

"போனா என்ன சொல்வான்? மூக்கு போச்சும்பான். மூக்கு போன மருந்துக்காரன எவன் வெச்சுக்குவான்? வேலை போனா இந்த வீடு போச்சு. வீடு போனா உன் கொட்டகை போச்சு. ஊசியத் தூக்கிக்கிட்டு எந்தத் தெருவுல போய் உக்காருவ?"

"உள்ள போறவங்களும் மனுஷங்கதானே? எந் தம்பியும் அதுல இருக்கான்."

"நான் பாத்துக்கிறேன். வேற வழி கண்டுபிடிக்கிறேன். நீ வாயத் திறக்காத."

அவர் கண்டுபிடித்த வழிதான் தீப்பெட்டி. போர்வையை விலக்கும்போதெல்லாம் அட்டியின் மேல் செத்த பூச்சிகள் உமி போலக் கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். வீட்டில் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பூச்சியைக் கொல்கிற மருந்து இருக்கிற இடத்தில் பூச்சி எப்படிப் பறக்கும்? பறந்தால் மருந்து இல்லை. இந்தக் கணக்கில் யாராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அதன் பிறகு ஷட்டர் திறக்கிற நாளெல்லாம் அது ஒரு சடங்கானது. அவர் தலையை நீட்டி, பழைய வழக்கப்படி இரண்டு மூச்சு இழுப்பார், அது பார்ப்பவர்களுக்காக. பிறகு தீப்பெட்டியைத் திறந்து உள்ளே ஊதுவார். பூச்சி தடுமாறி எழும்பி, இருட்டுக்குள் போய், ஒரு சாக்கின் மேல் உட்காரும். அது சிறகு அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு, "போகலாம்."

வயதாக ஆக ஆளுக்கு ஜாக்கிரதை கூடிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவருடைய மனைவியின் தம்பிதான் சுமைக்காரர்களுக்கு மேஸ்திரி. மாமனைப் போல அமைதியான ஆள் இல்லை. முதுகு அகலம், குரல் அதைவிட அகலம். தீப்பெட்டி வந்த நாளிலிருந்து அவருக்குக் கொண்டாட்டம்.

"மாமா, உங்க இன்ஸ்பெக்டர் வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீ தள்ளி நில்லு."

"அவருக்கு மாசச் சம்பளமா, தினக்கூலியா?"

"உன்னவிட ஒழுங்கா வேலை பாக்கறாரு. லீவு கேக்கறதில்ல."

"ஒரே நாள்ல ஓய்வு குடுத்துர்றீங்களே மாமா. பென்ஷனாச்சும் குடுங்க."

இப்படிப் பேசிக்கொண்டே மேஸ்திரி மாமனின் தோளை ஒட்டி நிற்பார். எங்கே இருந்தாலும் ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கு வந்துவிடுவார். பூச்சி போன பிறகு இவரும் இடுப்பை வளைத்துத் தலையை உள்ளே நீட்டி, "யாருய்யா உள்ள? இன்னும் காலி பண்ணலையா?" என்று அட்டிகளைப் பார்த்துக் கத்துவார். எதிரொலி வரும். எல்லோரும் சிரிப்பார்கள். சில நாள் உடனே வெளியே வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, "வாங்கடா" என்பார். சில நாள் மெதுவாக வருவார். மூக்கைத் தேய்த்துக்கொண்டு வெயிலைப் பார்ப்பார்.

"என் ஆளுங்க டீ குடிச்சிட்டு வரட்டும் மாமா."

"இப்பத்தான்டா குடிச்சாங்க."

"அது காலை டீ. இது திறப்பு விழா டீ."

மருந்துக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வரும். தான் போகலாம் என்று சொன்ன பிறகு ஒருவன் டீ கேட்பது அவருக்குத் தன் வார்த்தையைத் தரையில் போட்டு மிதிப்பது போல இருந்திருக்கும். மேலாளர் மாடியிலிருந்து கத்துவார்: "லாரி நிக்குதய்யா! உன் மேஸ்திரி டீயிலயே பொறந்தவனா?" மேஸ்திரி கும்பிடு போட்டுக்கொண்டே தன் ஆட்களை வாசலுக்கு ஓட்டிப் போய்விடுவார். போகிற போக்கில் பாதியில் நின்ற ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டுப் போவார். என் ஜன்னலிலிருந்து பார்த்தால், டீக்கடையில் கையில் கிளாஸோடு நின்று ஒவ்வொருவரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார். ஒரு கதையை முடித்து அடுத்ததைத் தொடங்குவார். ஆடை கட்டிப்போன டீயை வழுக்கைத் தலைச் சுமைக்காரர் ஒருவரிடம் நீட்டி, "நீ குடி மாமோய், உனக்குத்தான் உடம்புல ரத்தமே இல்ல" என்பார். திரும்பி வருவதற்குள் நிழல் இடம் மாறியிருக்கும்.

சோம்பேறி மேஸ்திரி என்று அலுவலகத்தில் பேர். அவரை மாற்ற வேண்டும் என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் மழை விடவில்லை. ஈரத்தில் மூன்றாம் கிடங்கில் பூச்சி கட்டுக்கடங்காமல் போனது. சாயங்காலம் என் அறையில் விளக்கைப் போட்டால் கொத்துக் கொத்தாக வந்து மோதும். டீயில் மிதக்கும். எடைச் சீட்டில் நசுங்கிச் சாம்பல் கோடு விழும். கிடங்குக்குள் காலை வைத்தால் சுவரே நகர்வது போல இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், கூடு கட்ட இடம் தேடிப் புழுக்கள் சுவரேறிக்கொண்டிருந்தன. அட்டிக்கும் அட்டிக்கும் நடுவில் நூலாம்படை, திரைச்சீலை மாதிரி. மருந்துக்காரர் அதைக் கையால் விலக்கிக்கொண்டே போய்ப் போர்வையை இழுத்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே மருந்து வைத்தார்கள். பலகை தொங்கியது.

திறக்க வேண்டிய நாளும் மழை. ஷட்டரைத் திறந்து வைத்தால் சாரல் உள்ளே அடித்துச் சாக்கு நனையும் என்று மேலாளர் மூடியே வைக்கச் சொல்லிவிட்டார். காற்றாட விட வேண்டிய நேரமெல்லாம் மழையில் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்வைகளை மட்டும் விலக்கிவிட்டு ஓடி வந்தார்கள். மறுநாள் காலையில் வானம் கொஞ்சம் வெளுத்தது. வாசலிலிருந்து சாலை வளைவு வரைக்கும் லாரிகள். ஓட்டுநர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மேஸ்திரி தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. சளி. பேச்சு பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"என்ன மேஸ்திரி, வீட்டுல அடியா?" என்று கேட்டான் ஒருவன்.

"உங்க அண்ணி அடிச்சா மூக்குலயா அடிப்பா? தும்மித் தும்மி மண்டை கழண்டு போச்சுடா."

மருந்துக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கச் சொன்னார். தலையை நீட்டினார். இரண்டு மூச்சு. தீப்பெட்டி காதுக்குப் போனது, நகம் சுண்டியது, ஊதினார். பூச்சி நன்றாகவே பறந்தது. அன்றைக்குப் பறந்த மாதிரி அது என்றைக்குமே பறந்ததில்லை. மேலே எழும்பி, ஒரு வட்டம் அடித்து, முதல் அட்டியின் நெற்றியில் உட்கார்ந்தது.

"போகலாம்" என்றார்.

மேஸ்திரி வளைந்து தலையை உள்ளே விட்டார். கத்தவில்லை. ஜன்னலிலிருந்து எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அது ஏறி ஏறி இறங்கியது. வெளியே வந்து மூக்கைச் சிந்தினார். மறுபடி தலையை விட்டார். மறுபடி வந்தார்.

"ஆளுங்க டீ குடிச்சிட்டு வரட்டும் மாமா."

மாடியிலிருந்து மேலாளர் கத்தத் தொடங்கினார். மழை மறுபடி வருவதற்குள் ஏற்ற வேண்டும், இன்றைக்கு ஏற்றாவிட்டால் நாளையிலிருந்து வேறு மேஸ்திரி, இது கிடங்கா டீக்கடையா. சுமைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். மருந்துக்காரரின் காது மடல் சிவந்தது. அவர் யார்மேலும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"நான் போகலாம்னு சொல்லிட்டேன்ல? எத்தன வருஷமா சொல்றேன், ஒருத்தனுக்கு ஒண்ணு ஆயிருக்கா? எல்லார் முன்னாலயும் என்ன அசிங்கப்படுத்தணும்னே வர்றியா? போடா உள்ள!"

மேஸ்திரி மாமனைப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் திரும்பி, சாக்கு தைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். அந்த அம்மாள் ஊசியைப் பாதியில் நிறுத்தியிருந்தார். பிறகு மேஸ்திரி தன் ஆட்களிடம் சொன்னார்:

"எவனும் உள்ள வராதீங்க. நான் போய்ப் பின்பக்க ஷட்டரத் திறந்து விட்டுட்டுக் கூப்பிடறேன். அப்ப வந்தாப் போதும்."

"நாங்களும் வர்றோம் மேஸ்திரி."

"சொன்னாக் கேளுடா. மேஸ்திரி நானா நீயா?"

மப்ளரை இழுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனார்.

உள்ளிருந்து மட்டுமே திறக்கிற பின்பக்க ஷட்டர் மழையில் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவர் அதை உதைப்பதும், கடப்பாரையால் நெம்புவதும் வெளியே கேட்டது. கடைசி அட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கிற இடம்தான் உண்டு. மழை நாளெல்லாம் போக வழியில்லாமல் நின்ற காற்று அங்கேதான் நின்றிருக்க வேண்டும். இரும்புச் சத்தம் நின்றது. தொடங்கியது. நின்றது. "மேஸ்திரி!" என்று கூப்பிட்டார்கள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பதில் வந்தது. ஒரு வழியாக ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு ஏறியது. கிடங்குக்குள் மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. காற்று ஊடுருவியது. அதன் பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போனார்கள்.

மேஸ்திரி சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகவே நடந்து வந்தார். என் அறையின் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தது அப்படியே வெளியே வந்தது.

"தலை பிளக்குது தம்பி. சளி" என்றார்.

நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். மருந்துக்காரர் ஓடி வந்தார். மைத்துனனின் முகத்தைப் பார்த்தவர் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தன் மூக்கோடு வைத்து அழுத்தி, இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சட்டையிலிருந்து வந்த வாடை எடைமேடைக்கு அப்பால் நின்ற ஓட்டுநர்களுக்குக்கூடத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"என்ன மாமா, மேல ஏறி உக்காந்துட்டீங்க" என்றார் மேஸ்திரி. அதுதான் அவர் சொன்ன கடைசி வேடிக்கை.

வரிசையில் முதலில் நின்ற லாரியிலேயே ஏற்றிப் போனார்கள். மருத்துவமனையில் இதற்கென்று மாற்று மருந்து கிடையாதாம். மூச்சுக்கு உதவி செய்யலாம், காத்திருக்கலாம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே போன மற்றவர்களில் சிலர் வாந்தி எடுத்தார்கள், ஒருவர் மயங்கினார், எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களில் பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒரு பெண் அதிகாரியும் இருந்தார். மெலிந்த குரல். யாரையும் அதட்டவில்லை. மருந்துக்காரர் தானாகவே எழுந்து நின்று, மூக்கு போனதையும் தீப்பெட்டியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மேலாளர், "எங்களுக்கு எதுவும் தெரியாது" என்றார். கருவி இருந்த பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். குடை இருந்தது.

"தீப்பெட்டி யோசனைய யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இல்லம்மா. நானா யோசிச்சது. பூச்சியக் கொல்ற மருந்துல பூச்சி எப்பிடி..."

"இந்தப் பூச்சி உடனே சாகாதுங்க. அதனாலதானே அட்டிய மூடி நாள் கணக்கா வெக்கிறோம்? மிச்சம் மீதி புகையில விட்டா அது பாட்டுக்குப் பறக்கும். மனுஷன் விழறதுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்."

அவர் அதை மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தது போல உதடு அசைந்தது.

"அப்ப இத்தன வருஷமா எப்பிடிம்மா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல?"

அந்தப் பெண் தன் காகிதங்களைப் புரட்டினார். "தெரியலைங்க" என்றார். "நல்ல நேரம்னுதான் சொல்லணும்."

வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்கிற நாள் வரைக்கும் அவர் மனைவி கொட்டகைக்கு வந்து சாக்கு தைத்தார். தம்பியைப் பற்றியோ கணவரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம்தான் கேட்கும். கணவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சாமான் ஏற்றின வண்டி என் எடைமேடை வழியாகத்தான் வெளியே போனது. வண்டி நின்ற நேரத்தில் அவர் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். காதில் வைக்கவில்லை. திறந்து, என் ஜன்னல் கட்டையில் தட்டினார். பூச்சி விழுந்தது. பறக்கவில்லை. வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து, கட்டையின் இடுக்குக்குள் போய்விட்டது.

"வரேன் தம்பி" என்றார். முள் ஆடி நின்றது. வண்டி இறங்கிப் போனது.

பிறகு ரொம்ப நாள் கழித்து, அலுவலகத்துக்குப் பழைய சாக்கு வாங்கத் தானிய மண்டிக்குப் போனபோது அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒரு கடையின் பின்கட்டில், இதே போல ஒரு குவியலுக்கு நடுவில், இதே ஊசியோடு. தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார்.

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"இருக்கார். வீட்டுல இருக்கிற கைப்பிடி அரிசியக் கொட்டி வெச்சுக்கிட்டுப் புழு இருக்கா, புழு இருக்கான்னு பொறுக்கிட்டு இருக்கார். பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். இத்தன வருஷமா எப்பிடி ஒண்ணும் ஆகலன்னு. தூக்கத்துலயும் அதான்."

ஊசியை இழுத்தார். சாக்கிலிருந்து தூசி எழும்பியது.

"பால் தீஞ்சதுக்கு மறுநாளே எந் தம்பிகிட்டச் சொல்லிட்டேன்" என்றார். "வாயத் திறக்காதன்னு அவர் சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அக்கா, மாமாகிட்ட மூச்சு விடாத. அவர் பூச்சிய விட்டுக்கட்டும். எம் மூக்கு நல்லாத்தான இருக்கு, நான் பாத்துக்கிறேன்'னான். வாடை இருந்தா ஆளுங்கள உள்ள விட மாட்டான். ஏதாச்சும் சொல்லி இழுத்தடிப்பான். அன்னிக்கு அவனுக்குச் சளி அடைச்சுக் கிடந்துச்சு. இருக்கா இல்லையான்னு தெரியல. தெரியலைன்னுதான் வேற ஒருத்தனையும் உள்ள விடாம அவன் மட்டும் போனான்."

முன்கட்டில் யாரோ தானியத்தை அளந்து கொட்டுகிற சத்தம்.

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னா அவர் தாங்க மாட்டார். சொல்லாம இருந்தா நான் தாங்க மாட்டேன். யாரு முதல்லன்னு பாப்போம்."

எழுந்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று, "மேஸ்திரிக்கு டீன்னா உயிர்னு நாங்க எல்லாரும் கேலி பண்ணுவோம்" என்றேன்.

ஊசி நின்றது.

"டீயா? அவனா?" என்றார். "சின்ன வயசுலேர்ந்தே அவன் டீய வாயிலயே வெக்க மாட்டான் தம்பி."